வாங்குகிற கை

ஐம்பத்திரண்டு சீட்டுக் கட்டிலிருந்து இரண்டு சீட்டை உருவினால் 1,326 விதமான ஜோடிகள் வரலாம். இரண்டும் ஏஸாக அமைவது அவற்றில் ஆறே ஆறு. 221 கைக்கு ஒருமுறை என்று கணக்கு. லாஸ் வேகஸில் ஒரு கேசினோவின் போக்கர் அறை. ஒன்பது பேர் சுற்றி உட்கார்ந்திருக்க, டீலர் கையால் கலைத்துப் போடும் மேஜையில் மணிக்கு 30 கை ஓடினாலே பெரிது. ஆக, சராசரியாக ஏழு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால்தான் அந்த ஏஸ் ஜோடியை ஒருமுறை கண்ணால் பார்க்கலாம். பார்த்தாயிற்று. முகத்தில் எதையும் காட்டாமல் 10 டாலரை முன்னே தள்ளியும் ஆயிற்று. எட்டுப் பேரும் வரிசையாகச் சீட்டை வீசிவிடுகிறார்கள். கட்டாயப் பந்தயமாக மேஜையில் ஏற்கெனவே கிடந்த ஒரு டாலரும் இரண்டு டாலரும் வந்து சேர்கின்றன. ஏழு மணி நேரப் பொறுமைக்கு மூன்று டாலர்.

தோற்றவர் புலம்பினால் கேட்க ஆள் உண்டு. இப்படி ஜெயித்தவரின் வருத்தத்தை யாரிடம் சொல்வது? ஆனால் போக்கரை ஆழமாக யோசித்தவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு கட்டத்தில் இந்த வருத்தத்தில்தான் வந்து நின்றிருக்கிறார்கள். பலம் கையில் இருக்கிறது. அதற்கு விலை கொடுக்க எதிரே ஆள் இல்லை.

ரம்மியும் மூணு சீட்டும் தெரிந்தவர்களுக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிவிடுவது சுலபம். டெக்சாஸ் ஹோல்டம் என்று பெயர். டெக்சாஸில் ராப்ஸ்டவுன் என்ற சிற்றூர்தான் பிறந்த இடம் என்று அந்த மாநிலச் சட்டமன்றமே அங்கீகரித்திருக்கிறது. ஆளுக்கு இரண்டு சீட்டு, மூடியபடி. பிறகு மேஜை நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு: முதலில் ஒரே வீச்சில் மூன்று, அதற்கு ஃப்ளாப் என்று பெயர். பிறகு ஒன்று, டர்ன். கடைசி ஒன்று, ரிவர். சீட்டு விழுகிற ஒவ்வொரு கட்டத்திலும் பணம் வைக்கலாம், ஏற்றலாம், கூட வரலாம், விலகலாம். ஏழு சீட்டில் சிறந்த ஐந்து ஜெயிக்கும். விதி இவ்வளவுதான். சீட்டு என்றாலே குடும்பம் கெடும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம், அந்தப் பயத்துக்குக் காரணமும் உண்டு. நான் இங்கே பேச விரும்புவது அந்த மேஜையில் ஒரு மனம் இன்னொரு மனத்தை அளக்கிற விதத்தை.

வேலைநாள் மதியங்களில் இந்த அறைகளில் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். சிப்புகளை நிறவாரியாக அடுக்கி, காப்பிக் கோப்பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்கு ஒன்றோ இரண்டோ கைதான் ஆடுவார்கள். டைட் ஆட்டக்காரர் என்று இவர்களைச் சொல்வது. இவர்கள் பணத்தை ஏற்றுகிறார்கள் என்றால் கையில் பத்து ஜோடிக்குக் குறையாமல் ஒரு பெரிய ஜோடி இருக்கும், அல்லது ஏஸோடு ராஜாவோ ராணியோ இருக்கும். எண்ணிப் பார்த்தால் ஐந்து வகை ஜோடிக்கு 30 விதம், ஏஸ்-ராஜா 16, ஏஸ்-ராணி 16. மொத்தம் 62. அந்த 1,326-இல் இது ஐந்து விழுக்காடுகூட இல்லை.

இதில் ஒரு வசதி இருக்கிறது. இவ்வளவு குறைவாக ஆடுகிறவரின் கை ஏறக்குறைய திறந்தே கிடக்கிறது. அவர் கையில் இருக்கக்கூடியதை விரல்விட்டு எண்ணலாம். எண்ணுவோம்.

கட்டாய இரண்டு டாலரை வைத்த இடத்தில் நாம் இருக்கிறோம், கையில் ஏழு ஜோடி. அவர் 10 டாலருக்கு ஏற்றுகிறார், நாமும் வருகிறோம், மற்றவர்கள் விலகிவிட்டார்கள். நடுவில் 21 டாலர். ஃப்ளாப் விழுகிறது: ராஜா, ஏழு, இரண்டு, மூன்றும் மூன்று ஜாதி. நமக்கு மூன்று ஏழு சேர்ந்துவிட்டது. இதற்கு செட் என்று பெயர். ஜோடியோடு உட்கார்ந்தவருக்கு ஃப்ளாப்பில் இது எட்டு, ஒன்பது தடவைக்கு ஒருமுறைதான் அமையும். மனம் துள்ளும். துள்ளுகிற மனம் தன் சீட்டையே திரும்பத் திரும்பப் பார்க்கும். அந்த நேரத்தில் பார்க்கவேண்டியது எதிர்ப்பக்கம்.

ராஜா ஒன்று மேஜைக்கு வந்துவிட்டதால் அவருடைய 62 இப்போது 55 ஆகிவிட்டது. அதில் ராஜா ஜோடி 3 விதம். அந்த மூன்றிடம் நாம் தோற்போம், தோற்றுவிட்டுப் போகலாம், மூன்றுதானே. ஏஸ் ஜோடி 6, ஏஸ்-ராஜா 12. இந்தப் பதினெட்டும் தாமே ஜெயிப்பதாக நம்புகிற கைகள். ராணி, ஜாக்கி, பத்து ஜோடிகள் சேர்ந்து இன்னொரு 18. இவை ராஜாவைப் பார்த்துக் கலங்கியிருக்கின்றன, சின்ன விலை என்றால் ஒருமுறை கொடுத்துப் பார்க்கும். மிச்சம் ஏஸ்-ராணி 16. அது ஒரு காசும் தராது. நம் மூன்று ஏழு எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் பதினாறுக்கு முன்னால் அதன் விலை பூஜ்யம்.

நம் கை மாறவே இல்லை. எதிரே இருப்பது ஏஸ்-ராஜா என்றால் அதே மூன்று ஏழுக்கு நூற்றைம்பது டாலர், ராணி ஜோடி என்றால் பத்து டாலர், ஏஸ்-ராணி என்றால் ஒன்றுமில்லை. பலமான கை என்று நாம் சொல்வதன் பெறுமதி முழுக்க எதிராளியின் கையில் இருக்கிறது. எனக்குத் தெரிந்து இதை ஏற்றுக்கொள்ள மனத்துக்கு மிகவும் கஷ்டமான ஆட்டம் இதுதான்.

எவ்வளவு வைப்பது? 10 டாலர் வைத்தால் 36 கை வாங்கும் என்று வையுங்கள்: 360. 20 வைத்தால் கலங்கிய பதினெட்டும் விலகிவிடும், நம்பிக்கையுள்ள பதினெட்டு மட்டும் வாங்கும்: அதுவும் 360. இந்தச் சுற்றோடு ஆட்டம் முடிந்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் இன்னும் இரண்டு சுற்று இருக்கிறது. 10-இல் தொடங்கினால் நடுவில் 41. அதற்கேற்ப டர்னில் 30, ரிவரில் 70 கேட்கலாம், மொத்தம் 110. 20-இல் தொடங்கினால் நடுவில் 61. டர்னில் 45, ரிவரில் 105, மொத்தம் 170. முதல் சுற்றில் கூட வைத்த அந்தப் பத்து டாலர், கடைசியில் அறுபது டாலராகத் திரும்புகிறது. ராணி ஜோடியின் பத்து டாலருக்கு ஆசைப்பட்டு ஏஸ்-ராஜாவின் அறுபதை விடுவதா என்பதுதான் கேள்வி.

பதில் ஆளைப் பொறுத்தது. டைட் என்று ஒரே பெயரில் அழைத்தாலும் இவர்கள் இரண்டு இனம். முதல் இனம் சீட்டு வரும்வரை கல்லாக இருக்கும், வந்த பிறகு அதைவிட்டு அசையாது. அவருக்கும் ஏஸ் ஜோடி ஏழு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. இத்தனை நேரம் காத்திருந்தது இதற்காகத்தானே, இதையும் போடச் சொன்னால் எப்படி என்று அவர் மனம் கேட்கும். அவருடைய பொறுமையே அவரைக் கட்டிப்போடுகிறது. அப்படிப்பட்டவரிடம் மூன்று சுற்றும் முழுவிலை கேட்கவேண்டும், கூச்சப்படக்கூடாது. இரண்டாம் இனம் முதலிலிருந்து கடைசிவரை பயத்தாலேயே ஆடுவது. ஏஸ் ஜோடி வைத்திருந்தாலும் டர்னில் பெரிய தொகையைக் கண்டால், ‘உனக்கு செட் விழுந்துவிட்டது’ என்று சத்தமாகச் சொல்லி, சீட்டைத் திருப்பிக் காட்டிவிட்டு விலகுவார். அவரிடம் சின்னச் சின்னதாகத்தான் வாங்கமுடியும், பெரும்பாலும் இரண்டு சுற்றோடு சரி. ஒருவர் எந்த இனம் என்று தெரிய அவர் விலகுகிற கைகளைப் பார்க்கவேண்டும். நாம் விலகியிருக்கிற கைகளில்தான் அதற்கு நேரம் கிடைக்கும். அப்போது கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் எதற்காக அந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றே எனக்குப் புரிவதில்லை.

நேரில் ஆடுவதன் முழு அருமையும் இங்கே இருக்கிறது. திரையில் ஆடும்போது எதிராளி ஒரு பெயர், ஒரு எண். இங்கே அவருக்கு உடம்பு இருக்கிறது. மைக் கேரோ 1984-இல் போக்கர் மேஜையின் உடல்மொழி பற்றி ஒரு புத்தகம் போட்டார். அதில் அவர் கவனித்துச் சொன்ன ஒன்று இன்றைக்கும் மேஜைதோறும் நடக்கிறது: ஃப்ளாப் தனக்குப் பிடித்தாற்போல் விழுந்துவிட்டால், ஆட்டக்காரரின் கண் ஒரு கணம் தன் சிப்புகளின் பக்கம் போய்த் திரும்பும். கை போகாது, கண் மட்டும். பிடிக்காத ஃப்ளாப் என்றால் மேஜைச் சீட்டையே வெறித்துக்கொண்டிருப்பார். டீலர் சீட்டைத் திருப்பும்போது எல்லாரும் சீட்டைப் பார்க்கிறார்கள். சீட்டு எங்கும் ஓடிவிடாது, பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கண்ணசைவு ஒரு கணம்தான் இருக்கும். ராஜா-ஏழு-இரண்டு விழுந்த கணத்தில் அவர் கண் சிப்புக்குப் போனது என்றால் அந்த 55-இல் பாதிக்குமேல் அடித்துவிடலாம், 20 டாலரைத் தயங்காமல் வைக்கலாம்.

இத்தனை கணக்குக்கும் எதிராக ஆட்டக்காரர்கள் மனத்தில் ஒரு காட்சி உறைந்துபோயிருக்கிறது. 1988, லாஸ் வேகஸ், பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ. உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டி. 167 பேர் தொடங்கி இரண்டு பேர் மிச்சம்: முந்தைய ஆண்டும் பட்டம் வென்றிருந்த ஜானி சான், நியூயார்க்கிலிருந்து வந்த எரிக் சைடல். கடைசிக் கையில் ஃப்ளாப் ராணி, எட்டு, பத்து. சைடலிடம் ராணி ஒன்று, ஆக ராணி ஜோடி. சானிடம் ஜாக்கியும் ஒன்பதும், எட்டிலிருந்து ராணிவரை தொடர் வரிசை அமைந்துவிட்டது. டர்னில் சான் எதுவும் வைக்கவில்லை. ரிவரில் சைடல் தன்னிடம் இருந்த அத்தனையையும் தள்ளினார். முடிந்தது. பத்து ஆண்டு கழித்து, 1998-இல் வந்த ‘ரவுண்டர்ஸ்’ படத்தில் மேட் டேமனின் பாத்திரம் இந்தப் பதிவைத்தான் ஒளிநாடாவில் திரும்பத் திரும்பப் பார்க்கும். அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறையே பலமான கை வந்தால் பதுங்கவேண்டும் என்று கற்றுக்கொண்டது.

சான் ஆடியது அற்புதமான ஆட்டம். ஆனால் அது அந்த எதிராளிக்கு, அந்த இடத்துக்கு ஆடிய ஆட்டம். இரண்டே பேர் மிஞ்சிய மேஜையில் ராணி ஜோடி என்பது பெரிய கை. சைடலும் முட்டி மோதுகிற மனநிலையில் இருந்தார். பதுங்கினால் லாபம் வர இரண்டே வழிதான் உண்டு. எதிராளி நம்மைப் பலவீனர் என்று நினைத்து ஒன்றுமில்லாமலே பாயவேண்டும், இல்லாவிட்டால் அடுத்த சீட்டில் அவர் கை வளரவேண்டும். டைட் ஆட்டக்காரர் ஒன்றுமில்லாமல் பாய்வதே இல்லை. ராஜா-ஏழு-இரண்டு மேஜையில் ராணி ஜோடி வைத்திருப்பவருக்கு இன்னொரு ராணி விழ, பார்க்காத 45 சீட்டில் இரண்டுதான் இருக்கிறது, ஐந்து விழுக்காடுகூடக் கிடையாது. ஆனால் அவரைப் பயமுறுத்துகிற சீட்டு எத்தனை! ஏஸ் விழுந்தால் ராணி ஜோடி செத்துவிடும். ஒரே ஜாதியில் மூன்று சேர்ந்தால் ஏஸ்-ராஜாவும் கையைக் கட்டிக்கொள்ளும். மாலை ஆறு மணி மல்லிகையை இரவு பத்து மணிக்கு அதே விலைக்குக் கேட்க ஆள் வருவதில்லை. ஃப்ளாப்பில் பந்தயம் வைக்காமல் பதுங்குகிறவர், தன் சரக்கு அப்படியேதான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, வாங்க வந்தவரை அனுப்பிவிடுகிறார்.

கூடவே, நாம் பணம் வைக்காமல் செக் சொன்னால் ராணி ஜோடிக்காரரும் நிம்மதியாக செக் சொல்வார். மூன்று சுற்றில் ஒரு சுற்று போயே போய்விட்டது. நேர்மையாகப் பந்தயம் வைப்பதே இங்கே சரியான மறைவு. செட் விழுந்தவர் பதுங்குவார் என்று படம் பார்த்த எல்லாருக்கும் தெரியும். முன்வந்து வைக்கிறவரிடம் வெறும் ராஜா ஜோடிதான் இருக்கும் என்று நம்புவார்கள்.

இங்கே போக்கரைக் கோட்பாடாக எழுதிய டேவிட் ஸ்க்லான்ஸ்கியை நினைத்துக்கொள்ளவேண்டும். நம் சீட்டைக் கண்ணால் பார்த்தால் எதிராளி எப்படி ஆடுவாரோ, அதிலிருந்து விலகி அவர் ஆடும்போதெல்லாம் நமக்கு லாபம், அப்படியே ஆடும்போதெல்லாம் நமக்கு நஷ்டம். ஸ்க்லான்ஸ்கியின் போக்கர் கோட்பாட்டின் அடிக்கல் இது. இதை வைத்துப் பார்த்தால் டைட் ஆட்டக்காரர் ஏன் இவ்வளவு கடினமானவர் என்று விளங்கும். நம் மூன்று ஏழுக்கு எதிராக அவர் ராணி ஜோடியைப் போட்டுவிட்டால், நம் சீட்டைப் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பாரோ அதையே செய்துவிட்டார். காரணம் தெரியாமல் சரியானதைச் செய்தார். பயம் அவருக்கு அறிவின் வேலையைப் பார்த்துவிடுகிறது.

அப்படியானால் அவர் எங்கே தவறு செய்கிறார்? இதற்கு விடை மேஜைக்கு வெளியிலிருந்து வந்தது. கணிதமேதை ஜான் வான் நாய்மன் 1928-இல் ஒரு கட்டுரையிலும், பிறகு 1944-இல் ஆஸ்கர் மார்கன்ஸ்டர்னோடு சேர்ந்து எழுதிய பெரிய நூலிலும் விளையாட்டுகளைக் கணிதமாக்கினார். அந்த நூலில் போக்கருக்கென்றே ஒரு பகுதி உண்டு. அவர் கட்டிய எளிய மாதிரியில் மிக நல்ல கைகளோடு மிக மோசமான கைகளையும் சேர்த்துப் பந்தயம் கட்டுவதே சிறந்த வழி, நடுத்தரக் கைகளோடு சும்மா இருக்கவேண்டும். ஒன்றுமில்லாமல் துணிவதால் சில்லறை கிடைக்கிறது என்பது ஒரு பயன். அதைவிடப் பெரிய பயன், சில நேரம் ஒன்றுமில்லாமலும் வைக்கிற ஆள் என்று பெயர் எடுத்தால்தான் நல்ல கை வரும்போது எதிராளி சந்தேகப்பட்டுக் கூட வருவார் என்பது. பலமான கைக்கு விலை வேண்டுமானால் பலவீனமான கையோடும் சில நேரம் துணியவேண்டும். இவ்வளவு எளிய உண்மையைக் காண ஒரு கணிதமேதை தேவைப்பட்டார் என்பதில் எனக்கு இன்றும் வியப்பு.

டேன் ஹாரிங்டன் இதன் மறுபக்கத்தை வாழ்ந்து காட்டினார். 1995-இல் உலகப் பட்டம் வென்றவர், இறுக்கமான ஆட்டத்துக்கே பெயர் போனவர். 2004 இறுதி மேஜையில், எதிரே இரண்டு பேர் பணம் வைத்திருக்க, ஆறும் இரண்டும் என்ற ஒன்றுக்கும் உதவாத கையோடு பெரிய தொகைக்கு ஏற்றி, எல்லாரையும் விலக வைத்தார். அவர் சும்மா ஏற்றுவார் என்று ஒருவரும் நினைக்கவில்லை. அந்தப் பெயரால் பொய்க்கு விலை கிடைத்தது. அதே பெயரோடு ஏஸ் ஜோடி வைத்து ஏற்றினால் மூன்று டாலர்தான் கிடைக்கும். இரண்டையும் ஒரே பெயரில் சம்பாதிக்க முடியாது.

டாயல் பிரன்சன் எடுத்த முடிவு வேறு. டெக்சாஸ்காரர், 1976, 1977 இரண்டு ஆண்டும் உலகப் பட்டம், 2023-இல் 89 வயதில் இறந்தார். அவர் 1978-இல் வெளியிட்ட ‘சூப்பர் சிஸ்டம்’ நூலில் தன் வழியைத் திறந்து சொல்லியிருக்கிறார்: மேஜையில் யாரும் உரிமை கோராத சின்னத் தொகைகளை விடாமல் எடுத்துக்கொண்டே இருப்பது. அதில் சேர்வதைக்கொண்டுதான் பெரிய கைகளில் துணிவது. இப்படி ஓயாமல் முட்டுகிறவரை எதிராளிகள் ஒருகட்டத்தில் பொறுக்கமுடியாமல் பிடித்துப் பார்க்க வருவார்கள், அப்போது அவர் கையில் உண்மையான சரக்கு இருக்கும். டைட் ஆட்டக்காரர் செய்கிற தவறு இங்கேதான் இருக்கிறது. பெரிய கைகளில் அவர் தவறுவது அரிது. கேட்பாரில்லாமல் அவர் விட்டுக்கொடுக்கிற இருபது டாலர்களில் ஒவ்வொரு மணி நேரமும் தவறுகிறார். ராஜா-ஏழு-இரண்டு மேஜையில் ஏஸ்-ராணி வைத்திருக்கும் அந்த 16 விதத்திடமிருந்து நம் மூன்று ஏழுக்குக் காசு வராது என்றேன். நம் கையில் ஒன்றுமே இல்லாதபோதும் அதே பதினாறு விலகத்தான் போகிறது. அந்த 21 டாலரை எடுக்க மூன்று ஏழு எதற்கு? என் தீர்ப்பு இது: டைட் ஆட்டக்காரரிடமிருந்து வரவேண்டிய பணத்தில் பெரும்பகுதி நம் நல்ல கைகளில் இல்லை, அவர் போட்டுவிட்டுப் போகிற கைகளில் இருக்கிறது. நல்ல கை வரும்போது அந்தப் பதினெட்டிடம் சரியான விலையைக் கேட்டுவிட்டு, கிடைத்ததோடு நிறைவடைய வேண்டும்.

கடைசியாக, இந்தக் கணக்கெல்லாம் நம் பக்கம் திரும்புகிற ஒரு இடம் உண்டு, பணம் போவது பெரும்பாலும் அங்கேதான். நம்மிடம் ஏஸ்-ராஜா, ராஜா ஜோடி. நல்ல கை என்று மூன்று சுற்றும் வைத்துக்கொண்டே வந்தோம். இதுவரை சத்தமில்லாமல் கூடவே வந்த அந்த மனிதர் ரிவரில் நம் 60 டாலரின் மேல் 160 என்று ஏற்றுகிறார். சிப்புகளை அடுக்குக் குலையாமல் தள்ளிவிட்டுக் காப்பியை எடுத்துக் குடிக்கிறார். இப்போது விற்கிறவர் அவர், வாங்குகிற கை நம்முடையது. இன்னொரு 100 டாலர் கொடுத்தால் பார்க்கலாம். நடுவில் ஏற்கெனவே 300-க்கும் மேல் கிடக்கிறது, நான்கில் ஒருமுறை ஜெயித்தாலே போதும் என்று கணக்கு சொல்லும். இந்த ஆள் இந்த இடத்தில் ஏஸ்-ராஜாவிடம் தோற்கிற கையோடு நான்கில் ஒருமுறை ஏற்றமாட்டார், நாற்பதில் ஒருமுறைகூட ஏற்றமாட்டார். சீட்டைக் காட்டாமல் போட்டுவிட்டு அடுத்த கைக்குத் தயாராகுங்கள்.